பல நாட்டமும் ஒற்றைப் பாதையும்

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நம் சங்க அன்பர் ஒருவரின் மகள் என்னிடம் வந்து நின்றாள். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "அங்கிள், எனக்கு எல்லாமே பிடிக்கிறது. அதுதான் என் பிரச்சினை" என்றாள். (நம் பிள்ளைகளுக்கு நாம் எல்லாரும் அங்கிள்தான். 'மாமா' என்று கூப்பிடச் சொன்னால் சிரிக்கிறார்கள். இந்த ஊரில் போக்குவரத்துப் போலீஸ்காரரை அல்லவா அப்படி அழைக்கிறார்கள்!) வயலின் ஆறு வருடம் கற்றிருக்கிறாள். கல்லூரியில் மராத்தி நாடகக் குழுவில் இருக்கிறாள். ஜப்பானிய மொழி படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது. கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று அவள் அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறாராம். "நான் அந்தத் தச்சன்தானா அங்கிள்?" என்று கேட்டாள்.

நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. மலரில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கேள்வியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானும் ஒரு தச்சன் என்பதைத் தவிர வேறில்லை.

பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து 1981இல் ரயில்வேயில் சேர்ந்து, நாகபுரிப் பக்கம் வந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே 38 ஆண்டுகள் கழித்து 2019இல் ஓய்வு பெற்றவன் நான். இந்தக் காலத்தில் நான் தொட்ட விஷயங்களைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். ரேடியோ பெட்டி செய்தேன். ஹோமியோபதி படித்தேன். புல்லாங்குழல் இரண்டு வருடம். தபால்தலை. வங்காளி நண்பர் ஒருவரைப் பார்த்து மீன் தூண்டில். கடிகாரம் பழுது பார்ப்பது. இதற்கிடையில் 1990களின் கடைசியில் பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு வந்தது. இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் போயிற்று. அறிவு போதாததால் என்று சொல்ல மாட்டேன். தேர்வுக்கு முந்திய மாதம் நான் ஒரு பழைய அன்சோனியா சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தோல்வியின் கோபத்தை நான் இறக்கி வைத்த இடம்தான் தவறு. என் மகன் அப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். தபலா நன்றாக வாசிப்பான், படம் வரைவான், கிரிக்கெட் வேறு. "என்னைப் போல் ஆகாதே" என்று சொல்லி மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். தபலா பரண் மேல் ஏறியது. அவன் படித்தான், நல்ல வேலைக்குப் போனான். இன்று புனேயில் கைநிறையச் சம்பாதிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று போனில் கேட்டால், "ஒன்றும் இல்லைப்பா, எதிலும் மனசு போகவில்லை" என்கிறான். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் இந்த விஷயத்தை நான் சீரியஸாக யோசிக்க ஆரம்பித்தேன்.

ஓய்வு பெற்ற வருடம் ஒரு காரியம் செய்தேன். எங்கள் வேலையில் டிராலியில் போய்ப் பாதையைப் பார்க்காமல் யாரும் பழுதைப் பற்றிப் பேச முடியாது. அதுபோல என் நாளையே டிராலியில் ஏறிப் பார்ப்பது என்று முடிவு செய்து, ஒரு நீண்ட நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். எத்தனை மணிக்கு எதை எடுத்தேன், எத்தனை மணிக்கு வைத்தேன், அப்போது மனம் எப்படி இருந்தது என்ற மூன்றே பத்திகள். நல்லது கெட்டது என்று எதுவும் எழுதக் கூடாது. கீமேன் நோட்டில் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று எழுதுவான். ஐயோ என்று எழுதமாட்டான்.

மூன்று வாரத்தில் இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, தினமும் மூன்று மணி நேரம் என் விருப்ப வேலைகளுக்குப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கை வேலையில் இருந்தது ஒன்றேகால் மணி நேரம். மீதி, எடுத்து விரிப்பது, விட்ட இடத்தைத் தேடுவது, ஸ்குரூ டிரைவர் எங்கே என்று மனைவியைக் கேட்பது, திரும்ப எடுத்து வைப்பது. இரண்டாவது விஷயம் எனக்கே வியப்பாக இருந்தது. 'மனம் எப்படி இருந்தது' என்ற பத்தியில் 'நன்று' என்று எழுதிய இடங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தேன். ரேடியோவில் எனக்குப் பிடித்தது பாட்டு கேட்பதல்ல, நிலையம் துல்லியமாகச் சேரும்படி காயிலைத் திருகுவது. புல்லாங்குழலில் கீர்த்தனை அல்ல, சுருதியோடு ஒட்டும் அந்தக் கணம். கடிகாரத்தில் ஒரு நாளைக்கு நாலு நிமிடம் வேகமாக ஓடுவதை அரை நிமிடத்துக்குக் கொண்டுவருவது. ஏன், தண்டவாளத்தில் எனக்குப் பிடித்ததும் வளைவைச் சீர்படுத்துவதுதான். ஆக நான் ஆறு விஷயங்களில் ஆசை கொண்டவன் அல்ல. பிசகாக இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிச் சரிக்குக் கொண்டுவருவது என்ற ஒரே விஷயத்தில் ஆசை கொண்டவன். தூண்டிலிலும் தபால்தலையிலும் அது இல்லை. அதனால்தான் அவை மூன்று மாதத்தில் சலித்துவிட்டன. ஹோமியோபதியில் எனக்குப் பிடித்தது மருந்துப் பெட்டியில் சின்னப் புட்டிகளை வரிசையாக அடுக்குவது மட்டும்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். வயலின், நாடகம், ஜப்பானியம், கம்ப்யூட்டர் என்று பாடப் பெயரைக் கொண்டு பிரித்தால் நாலு விஷயம். அவற்றுள் உன்னை இழுப்பது எது என்று பிரித்தால் ஒருவேளை இரண்டே இருக்கும். பத்துப் பேர் முன்னால் நிற்பது பிடித்திருக்கிறதா? புரியாத குறிகளைப் படிக்கக் கற்பது பிடித்திருக்கிறதா? யோசித்துப் பதில் வராது. நோட்டுப் புத்தகத்தில்தான் வரும்.

இதற்குப் பெரிய உதாரணம் ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார். அதுவும் ரயிலோடு சம்பந்தப்பட்டவர். கணித மேதை டி.டி. கோசாம்பி. 1907இல் கோவாவில் பிறந்து அமெரிக்காவில் ஹார்வர்டில் படித்தவர். 1940களின் நடுவிலிருந்து 1962 வரை பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். குடியிருந்தது புனேயில். டெக்கான் குவீன் வண்டியில் காலையில் போய் மாலையில் திரும்புவார். 1930இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியில் போக சுமார் மூன்று மணி நேரம், வர சுமார் மூன்று மணி நேரம். நம்மில் எத்தனை பேர் ரயிலில் ஆறு மணி நேரம் கிடைத்தால் சீட்டாடாமல் இருப்போம்?

அவர் கணிதம் செய்தார், மரபணுவியலில் இன்றும் அவர் பெயரால் வழங்கும் சூத்திரம் ஒன்றை 1940களில் தந்தார், பழைய நாணயங்களை ஆராய்ந்தார், பர்த்ருஹரியின் சுபாஷிதங்களைச் சுவடிகளை ஒப்பிட்டு 1948இல் பதிப்பித்தார், 1956இல் இந்திய வரலாற்றைப் பற்றிப் பெயர்பெற்ற நூல் எழுதினார். பார்த்தால் ஐந்து மனிதர்கள் செய்த வேலை. ஆனால் உள்ளே ஒரு சங்கிலி இருக்கிறது. புள்ளியியலைக் கையால் பழகிப் பார்க்க ஒரு பொருள் வேண்டியிருந்தது. நாணயம் கைமாறக் கைமாறத் தேய்கிறது. எனவே ஆயிரக்கணக்கான நாணயங்களைத் துல்லியமாக நிறுத்தால் எது எவ்வளவு காலம் புழங்கியது என்று கணக்கிடலாம். நிறுத்தார். நிறுத்தபின், இவற்றை அடித்தவன் யார் என்ற கேள்வி வந்தது. அதற்கு வரலாறு வேண்டும். வரலாற்றின் மூலங்களைப் படிக்க வடமொழி வேண்டும். ஒன்றின் வால் மற்றொன்றின் தலை. ஒன்றை விட்டு ஒன்றுக்கு ஓடியவர் அல்லர் அவர். ஒரே கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடும்போது வழியில் வந்த ஊர்கள் அவை.

அவருக்கு நஷ்டமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. கணிதத்தில் மட்டும் நின்றிருந்தால் இன்னும் உயரம் போயிருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. ரீமன் கருதுகோள் என்ற பெரிய கணிதப் புதிரைப் புள்ளியியல் வழியில் தீர்த்துவிட்டதாகக் கடைசிக் காலத்தில் அவர் வெளியிட்டது நிற்கவில்லை. பல நாட்டத்துக்கு ஒரு விலை உண்டு. அதைத் தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் பர்ஸைத் தொலைப்பது வேறு.

இனி நேரக் கணக்கு. இதில்தான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காக நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல பிரிவுகளில் டோக்கன் முறை இருந்தது. இரண்டு நிலையங்களிலும் ஒரு இயந்திரம். உள்ளே இரும்புப் பந்துகள். இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு பந்தை வெளியே எடுத்தால், அது ஏதாவது ஒரு நிலையத்து இயந்திரத்துக்குள் திரும்பப் போகும் வரை இன்னொரு பந்து எங்கிருந்தும் வெளியே வராது. பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். பிரம்பு வளையத்தில் பையைக் கட்டிப் பாயிண்ட்ஸ்மேன் நீட்ட, ஓடும் எஞ்சினிலிருந்து டிரைவர் கையை விட்டு அதை வாங்குவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். மனித மனமும் ஒற்றைப் பாதைதான் என்பது என் அனுபவம். இரட்டைப் பாதை என்று நினைத்துக்கொண்டு, டி.வி. பார்த்துக்கொண்டே கணக்குப் போடுகிறவர்களின் கணக்கை நான் திருத்தியிருக்கிறேன்.

ஒற்றைப் பாதையில் நாளொன்றுக்கு எத்தனை வண்டி விடலாம் என்பதற்கு எங்களிடம் ஸ்காட் சூத்திரம் என்று ஒன்று உண்டு. மிக எளிது. ஒரு நாளில் 1440 நிமிடம். அதை, அந்தப் பிரிவில் மெதுவான வண்டி ஓட எடுக்கும் நேரத்தையும், நிலையங்கள் ஒன்றுக்கொன்று கேட்டு அனுமதி வாங்கிப் பாதையைத் திருப்பும் நேரத்தையும் கூட்டி வகுக்க வேண்டும். வந்த விடையில் 70 சதவீதத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி 30 சதவீதம்? மாடு குறுக்கே வரும், சிக்னல் பழுதாகும், பராமரிப்புக்குப் பாதையை மூட வேண்டிவரும். 1440 நிமிடத்தையும் வண்டிக்குக் கொடுத்து அட்டவணை போடும் ரயில்வே எங்கும் கிடையாது. வீட்டில் மட்டும் நாம் போடுகிறோம். பிள்ளைகளுக்கும் போட்டுக் கொடுக்கிறோம்.

மாலையில் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று வையுங்கள். 150 நிமிடம். அதில் 70 சதவீதம் 105 நிமிடம். விருந்தாளி, போன், கேஸ் சிலிண்டர்க்காரர் எல்லாம் மீதியில் அடக்கம். ஒவ்வொரு வேலையையும் எடுத்து விரிக்க 10 நிமிடம் என்று என் நோட்டுப் புத்தகம் சொல்கிறது. ஐந்து வேலை வைத்துக்கொண்டால் விரிப்பதற்கே 50 நிமிடம், வேலைக்கு 55. மூன்று என்றால் வேலைக்கு 75. ஒன்றே என்றால் 95. வேலையின் எண்ணிக்கையைக் கூட்டினால் உழைப்புக் கூடவில்லை, பாதை திருப்புவதுதான் கூடுகிறது.

இதே பாடத்தை ரயில்வேயே பெரிய அளவில் கற்றுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். நான் சேர்ந்த காலத்தில் சரக்கு வேகன்கள் தனித்தனியாகப் பல ஊருக்குப் போகும். வழியில் யார்டுகளில் அவிழ்த்து, பிரித்து, வேறு வண்டியில் கோப்பார்கள். முகல்சராய் யார்டை (2018 முதல் அந்த நிலையத்துக்குப் பெயர் வேறு) ஆசியாவிலேயே பெரியது என்பார்கள். வேகன் ஓடும் நேரத்தைவிட யார்டில் நிற்கும் நேரம் அதிகம். 1980-81இல் ஒரு அகலப் பாதை வேகன் ஒரு சுமையை ஏற்றி இறக்கி அடுத்த சுமைக்கு வர சராசரி 15 நாள் ஆயிற்று. பிறகு, ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு ரேக்காகத்தான் ஓட்டுவது என்று கொள்கையை மாற்றினார்கள். 1990-91இல் அது பதினொன்றரை நாளாகக் குறைந்தது, 2000-01இல் ஏழரை. முழு ரேக் கொள்கை வந்தபின் பெரிய யார்டுகள் பலவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அதனால் ஒரு விருப்ப வேலைக்கு வாரத்தில் ஏழு கால் மணி நேரங்கள் கொடுப்பதைவிட ஒரு முழு மாலையைக் கொடுப்பதே பெரும்பாலும் மேல். பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், வயலினும் மொழியும் அப்படி அல்ல. அவை தினமும் ஓட வேண்டிய பாசஞ்சர் வண்டி. காலி வண்டியாக இருந்தாலும் ஓட வேண்டும்; பத்து நாள் ஓடாவிட்டால் தண்டவாளத்தில் துரு ஏறிவிடும். எது பாசஞ்சர், எது சரக்கு ரேக் என்று பிரிப்பது அவரவர் பொறுப்பு. அந்தப் பெண்ணின் கம்ப்யூட்டர் விளையாட்டும் நாடகமும் சரக்கு ரேக் என்பது என் அபிப்பிராயம். பாசஞ்சர் வண்டி ஒன்றுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் என் அபிப்பிராயம். வயலினா ஜப்பானியமா என்று அவள் முடிவு செய்யத்தான் வேண்டும்.

முடிவு என்றால் மற்றதைக் கொன்றுவிடுவது அல்ல. இங்கேதான் நான் என் மகனிடம் பிழை செய்தேன். ஒரு வண்டி போவதற்காக மற்றொன்றை லூப் லைனில் நிறுத்துகிறோம். அது ரத்தான வண்டி அல்ல. அதன் நம்பர் அட்டவணையில் இருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அதன் டிரைவருக்குத் தெரியும். "பரீட்சை முடிந்து மே மாதம் முதல் தேதி தபலாவை இறக்குவோம்" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தண்டவாளத்தையே பிடுங்கினேன்.

லூப் லைனில் நிறுத்தும்போது ஒரு காரியம் அவசியம். பணி மாறுதலில் போகும்போது, வருகிறவருக்குப் பொறுப்பு ஒப்படைக்கும் குறிப்பு எழுதுவோம்: எந்தக் கிலோமீட்டரில் என்ன வேலை பாதியில் இருக்கிறது, எந்தச் சாமான் எந்தக் கொட்டகையில், எந்தப் பாலத்தில் கவனம் தேவை என்று. அதுபோல ஒரு பக்கம் உங்களுக்கு நீங்களே எழுதி அந்தப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போது நீங்கள் வேறு ஆளாக இருப்பீர்கள். அந்த ஆளுக்கு இந்த ஒரு பக்கம் பெரிய உபகாரம். என் கடிகாரப் பெட்டியில் இப்படி மூன்று பக்கங்கள் இருக்கின்றன.

வரிசையாகச் செய்வது என்பதற்கு அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளினைச் சொல்லலாம். அச்சுக்கூடம், பத்திரிகை, அடுப்பு, தபால், மின்சாரம், தூதரகம் என்று எதைத்தான் விட்டார்? ஆனால் 1748இல், 42 வயதில், அச்சுக்கூடத்தை நடத்தும் பொறுப்பைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு, அதன் பிறகே மின்சார ஆராய்ச்சியில் முழுமையாக இறங்கினார். அவர் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாக, வருடத்துக்கு நாலு சுற்றுப் பழகினார். 13ஐ நாலால் பெருக்கினால் 52 வாரம் சரியாக வருகிறது, எனக்குப் பிடித்த கணக்கு. அதில் மூன்றாவது குணம் ஒழுங்கு: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நேரம். அதுதான் தமக்கு மிகவும் தொல்லை கொடுத்தது என்று சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே மேசை கலைந்து கிடக்கிறதே என்று வருந்தும் அன்பர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

நம் தமிழிலேயே பெரியசாமித் தூரன் இருக்கிறார். கீர்த்தனை இயற்றினார், கவிதை எழுதினார், கதை எழுதினார், உளவியலைத் தமிழில் எழுதினார், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். இவற்றோடு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியத்துக்குத் தலைமைப் பதிப்பாசிரியராகவும் இருந்தார். முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். பல நாட்டம் உள்ளவருக்குக் கலைக்களஞ்சியம் போன்ற வேலை கிடைப்பது பெரும் அதிர்ஷ்டம்; எந்த வேகனையும் கோத்துக்கொள்ளும் வண்டி அது. எல்லாருக்கும் அது கிடைக்காது. ஆனால் இளைஞர்கள் வேலை தேடும்போது சம்பளத்தோடு இதையும் பார்க்கலாமே என்று தோன்றுகிறது.

சூத்திரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்று. ஒரு நீண்ட பாதையின் கொள்ளளவைத் தீர்மானிப்பது சராசரிப் பிரிவு அல்ல, அதில் மிகவும் நேரம் பிடிக்கும் ஒரே ஒரு பிரிவுதான். மற்ற இடங்களில் எவ்வளவு வேகம் கூட்டினாலும் பயன் இல்லை. என் நாளில் அந்தப் பிரிவு மாலை ஆறரை முதல் ஏழரை வரை. அந்த நேரத்தில் நான் எடுத்த எந்த வேலையும் ஓடியதில்லை என்று நோட்டுப் புத்தகம் சொன்னது. இப்போது அந்த நேரத்தில் மனைவியோடு காய்கறிக் கடைக்குப் போகிறேன். சிலருக்கு அந்தப் பிரிவு ஆரம்பிப்பதில் இருக்கும், சிலருக்கு முடிப்பதில், சிலருக்கு அடுத்தவர் என்ன நினைப்பார்களோ என்பதில். அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

தூண்டிலையும் தபால்தலை ஆல்பங்களையும் நம் சங்கப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஹோமியோபதிப் பெட்டியை மட்டும் இன்னும் கொடுக்க மனம் வரவில்லை.

சென்ற தீபாவளிக்கு மகன் வந்திருந்தபோது பரணிலிருந்து தபலாவை நானே இறக்கினேன். தாயான் பக்கத்துத் தோல் கிழிந்திருந்தது. அவன் அதைச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது காரில் ஏற்றிக்கொண்டான். தோல் மாற்றினானா என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அந்தப் பெண் மாசி மாதக் கூட்டத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். இரண்டு வாரம் ஒழுங்காக எழுதியிருந்தாள். மூன்றாவது வாரம் வெறும் கட்டங்கள். "விட்டுப்போச்சு அங்கிள்" என்றாள். நான் முதல் தடவை விட்டது ஐந்தாம் நாள் என்று சொன்னேன். 'நன்று' என்று எழுதிய இடங்களைப் பென்சிலால் கோடிடச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம்.